கப்பிச் சத்தம்

விடிந்ததும் வதனி செய்கிற முதல் வேலை, ஒருவருக்கும் தேவையில்லாத ஒரு வாளித் தண்ணீரைக் கிணற்றிலிருந்து அள்ளுவது.

கயிற்றை நிதானமாக இழுத்து, கப்பி நன்றாகக் கிறீச்சிடும்படி பார்த்துக்கொள்வாள். வாளி கிணற்றுச் சுவரில் ஒன்றிரண்டு தடவை மோதவேண்டும். தானாக மோதாவிட்டால் கயிற்றை ஆட்டி மோதவைப்பாள். மேலே வந்த தண்ணீரைக் கல்லில் சளாரென்று ஊற்றுவாள். பிறகு பூனை மாதிரிக் குசினிக்குள் நுழைந்து, நீலக் கேனைச் சரித்து, பவுசர் லொறியில் வந்த தண்ணீரில் ஒரு செம்பு வார்த்து, கிணற்றை ஒட்டின அறையில் படுத்திருக்கும் தாயிடம் கொண்டுபோவாள்.

“இப்ப அள்ளின தண்ணி அம்மா. குடிங்க.”

தாய் புஸ்பத்துக்குப் பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்து இரண்டு வருடம். இடக்கையால் செம்பை வாங்கி, ஒரு மிடறு வாய்க்குள் விட்டு, சற்று நேரம் வைத்திருந்து விழுங்குவாள். “ம்” என்பாள். அந்த “ம்” வரும்வரை வதனிக்கு மூச்சு கீழே இறங்காது.

மாசியில் தொடங்கிய இந்த நாடகம் வைகாசி பிறந்தும் ஓடிக்கொண்டிருந்தது. அயல் வளவுச் சுலோஜனாவும் இதில் கூட்டு. காலையில் அவளும் வெறும் குடத்தோடு வந்து கப்பியை இழுத்து, “என்ன வதனியக்கா, தண்ணி இண்டைக்கு நல்லாக் குளிருது” என்று சுவருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, வந்த குடத்தோடு கிறுகிப் போவாள்.

கிணறு செத்துப்போனதைத் தாய் அறியக்கூடாது. வதனிக்கு இருந்த கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

கண்டலடித்துறை, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தண்ணீரை ஒட்டிக் கிடக்கிற ஊர். அங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்கள் கலியாணம் முடித்து வந்து குடியிருக்கிறவர்கள். கிணறும் அப்படியே தாய்க்குப் பின் மகளாகக் கைமாறி வந்தது. சுற்றிவர இருந்த கிணறுகளெல்லாம் உவர். இந்த ஒன்று மட்டும் செவ்விளநீர் மாதிரி. ஊரின் கீழ்த்தெரு முழுவதும் இங்கேதான் தண்ணீர் அள்ளியது. அள்ள வந்த இடத்தில் சண்டை பிடித்தது, சம்பந்தம் பேசியது, ஊர்க்கதை பேசியது. கிணற்றுக்கு ஒரு சட்டமும் இருந்தது. கையால் அள்ளலாம், மிசின் போடக்கூடாது. மணலுக்குள்ளே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் விரித்த பாய் மாதிரிப் படுத்திருக்கிறது, வாளியால் அள்ளினால் பாய் கிழியாது, மிசினால் உறிஞ்சினால் கிழிந்துபோகும் என்று புஸ்பம் சொல்லுவாள். அவளுக்கு அவளுடைய தாய் சொன்னது.

இன்னொரு பெருமையும் கிணற்றுக்கு இருந்தது. வைகாசியில் அம்மாள் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கடைசி நாள் குளிர்த்தி. கோபத்தோடு வந்த அம்மாளைத் தண்ணீரால் ஆற்றுகிற நாள். அவள் குளிர்ந்தால் ஊர் குளிரும், மழை பொய்க்காது என்பது ஊரின் நம்பிக்கை. அந்தக் குளிர்த்திக்குத் தண்ணீர் போவது இந்தக் கிணற்றிலிருந்துதான். பறையும் சிலம்புமாகக் கோயில் பூசாரியான கட்டாடியார் வந்து கிணற்றடியில் நிற்பார். கிணற்றுக்காரி தண்ணீரை அள்ளி, உள்ளங்கையில் விட்டு வாயில் வைத்துப் பார்க்கவேண்டும். “தண்ணி எப்பிடித் தாயே?” என்று அவர் கேட்பார். “அம்மாளுக்கு இனிக்குது” என்று அவள் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் குடம் எழும்பும். புஸ்பம் தன் தாய் கண்மூடின வருடத்திலிருந்து இதைச் சொல்லி வந்தாள். பக்கம் விழுந்த பிறகும் விடவில்லை. கதிரையில் தூக்கிக்கொண்டுவந்து வைக்கச்சொல்லிச் சொன்னாள்.

கிணறு எப்படிக் கெட்டது என்று கேட்டால், எங்கேயிருந்து தொடங்குவது என்று வதனிக்குத் தெரியாது.

மழையிலிருந்து தொடங்கலாம். கார்த்திகைக் கடைசியில் ஒரு கிழமை, வானம் கிழிந்த மாதிரிக் கொட்டியது. வாவி பொங்கி வயல்வெளியான வட்டைக்குள் ஏறியது. அப்போதுதான் கிளைத்து வந்த நெல் வேளாண்மை கழுத்தளவு தண்ணீரில் நின்றது. முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்று வயல்காரர் ஒரே பிடியாய் நின்றார்கள்; மண்மேட்டை வெட்டினால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். பொறுங்கள், மீன்குஞ்சு பருவம், இன்னும் பத்து நாள் போகட்டும் என்று தோணிக்காரர் கெஞ்சினார்கள். பத்து நாளில் பயிர் அழுகிப்போய்விடும் என்று கூட்டத்தில் அதிகம் சத்தம் போட்டவர்களில் வதனியின் புருசன் பேரின்பமும் ஒருவன். வெட்டினார்கள். நல்ல தண்ணீரெல்லாம் ஒரு பகலும் ஓர் இரவும் கடலுக்கு ஓடியது. வேளாண்மை தலை நிமிர்ந்தது. பேரின்பம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை வதனி பிறகு காணவில்லை.

ஏனென்றால் அதோடு மழை நின்றுபோனது. மார்கழியில் ஒரு தூறல் இல்லை. தையில் மேகம் வந்து பார்த்துவிட்டு, கடலுக்கு மேலேயே கரைந்துபோனது. நல்ல தண்ணீர் போன வழியாலே கடல் உள்ளே வந்தது. வாவியில் படர்ந்து கிடந்த ஆற்றுவாழை உப்புக்குக் கருகி, அழுகி, கரையெல்லாம் நாற்றம் எடுத்தது. செத்த மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கியது. முதலில் கொக்கும் நாரையும் கலியாண வீடு மாதிரிக் கூடித் தின்றன. தின்று முடிந்ததும் எங்கோ போய்விட்டன. மேற்கே காட்டோரத்துக் குளங்கள் வற்ற, யானை ஊருக்குள் வரத் தொடங்கியது.

அவர்களின் வட்டை வானத்தை நம்பிய நிலம். குளத்து வாய்க்கால் இல்லை. கதிர் பிதுங்கி வருகிற நேரம் வயல் வெடித்தது. வெடிப்புக்குள் கை நுழைந்தது. அந்த நாளில் பேரின்பம் மத்தியானச் சோற்றைப் பிசைந்தபடியே வைத்துவிட்டுச் சொன்னான்:

“ரெண்டு தண்ணி போதும் புள்ள. ரெண்டே ரெண்டு தண்ணி. பால் கட்டிரும்.”

“எங்க இருக்கு ரெண்டு தண்ணி?”

அவன் கிணற்றைப் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே அவளுக்கு விளங்கியது.

“உன்ட கிணறு,” என்றான். “நீ ஓமெண்டாத்தான்.”

வதனி சொன்னது மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை. “அம்மாக்குச் சத்தம் கேக்குமே” என்றாள்.

அயல் வளவில் மிளகாய்க்கு இறைக்கிறார்கள் என்று மாமியிடம் சொல்லிவிடலாம் என்றான் பேரின்பம். அப்படியே சொன்னார்கள். தண்ணி மிசின் பகல் முழுவதும் ஓடியது, மறுநாளும் ஓடியது. ஓஸ் குழாய் வழியே தண்ணீர் வயலுக்குப் போவதைப் பார்க்க வதனிக்கு வயிறு குளிர்ந்தது என்பதும் பொய்யில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் மிசின் காற்றை உறிஞ்சி இருமியது. பேரின்பம் வயலில் நின்று ஒரு கை அள்ளி வாயில் வைத்தான். ஓடிவந்து மிசினை நிறுத்தினான். அவன் வாயைத் துடைத்த விதத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாய் கிழிந்துபோனது. கீழே கிடந்த உப்பு மேலே வந்து, ஓஸ் வழியாக வயலுக்கும் போய்விட்டது. காயாமல் நின்ற கதிரும் அந்தத் தண்ணீரில்தான் செத்தது. ஒரு கிழமைக்குள் வட்டை வெள்ளையாய் நின்றது. தூரத்தில் பார்த்தால் விளைந்த மாதிரி, கிட்டப்போய் உருவினால் அத்தனையும் பதர். பேரின்பம் பக்கத்து ஊர்க்காரரின் எருமைகளை அவிழ்த்து உள்ளே விடச்சொன்னான். எருமை இரண்டு வாய் மேய்ந்துவிட்டுத் தலையைத் தூக்கி, மேயாமல் நின்றது.

வயல் போனதை எல்லோருக்கும் சொன்னார்கள். கிணறு போனதைக் கீழ்த்தெருவுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாயில் வைத்ததும் தெரிந்துகொண்டது. தாய்க்கு மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ஊறித் தெளிந்துவிடும், அதற்குள் ஏன் அவளை நோகவைப்பது என்று தொடங்கியது. ஊறியது, தெளியவில்லை.

பவுசர் கிழமைக்கு மூன்று நாள் வரும். கிணற்றடியில் பிடித்த சண்டையைப் பெண்கள் இப்போது பவுசரடியில் பிடித்தார்கள். கேன்கள், வாளிகள், குழந்தைகள் குளிக்கிற பேசின்கூட வரிசையில் நிற்கும். பவுசர்க்காரன் ஜிப்ரி ஓட்டமாவடி ஆள். குழாயைத் திறந்துகொண்டே, “இடிபடாதிங்க அக்காமார், உள்ளுக்கு நான் முதலையா வளக்கிறன்? எல்லாம் தண்ணிதான்” என்பான். வாவி ஓரம் வற்றி முதலையொன்று சேற்றில் வாயைப் பிளந்து கிடந்த நாட்கள் அவை. உனக்குப் பக்கத்திலே அது வடிவாய்த்தான் இருக்கும், ஏற்றிக்கொண்டு போ என்று சுலோஜனா பதில் கொடுப்பாள்.

சடங்குக்குக் கதவு திறந்த அன்று பின்னேரம் கட்டாடியார் கந்தப்போடி வதனியின் வளவுக்கு வந்தார். எழுபது தாண்டியவர், விரதத்தில் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் வராமல் பலாமரத்தடியில் நின்றுகொண்டார். பலா இலை உதிர்ந்து மொட்டையாய் நின்றதால் அங்கே நிழலும் இல்லை.

சுற்றி வளைத்துத்தான் பேசினார். இந்த வருடம் ஊர் படுகிற பாட்டைச் சொன்னார். பனிச்சங்கேணிப் பக்கம் மாடு சாகிறதாம் என்றார். தென்னை குரும்பையாகவே கொட்டுகிறது என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“குளிர்த்திய நிப்பாட்ட ஏலா மகள். சனத்துக்கு இப்ப அதொண்டுதான் மிச்சம்.”

“கிணறு உங்களுக்குத் தெரியுந்தானே பெரியப்பா.”

“தெரியும்.”

“உவர்த் தண்ணியால அம்மாளக் குளிர வைக்கவா?”

அவர் தன் காலடி மண்ணைப் பார்த்தார். வாவி உவர், மண் உவர், வியர்வையும் உவர்தான், அம்மாளுக்கும் அதையே கொடுக்கிறதா என்று தனக்குள்ளே கேட்கிற மாதிரிச் சொன்னார். பிறகு, குடம் உங்கள் குடியின் குடமாக இருந்தால் போதும், கிணற்றுக்காரியின் வாயால் அந்தச் சொல் வந்தால் போதும், உள்ளே இருக்கிற தண்ணீர் எங்கேயிருந்து வந்ததென்று நான் கேட்கமாட்டேன் என்றார். மேல்தெருக்காரர் தங்கள் கிணற்றிலிருந்து எடுக்கச்சொல்லி இரண்டு தரம் வந்து போனதையும் சொன்னார். அங்கேயும் உவர்தான், கொஞ்சம் குறைவு. ஒரு தடவை உரிமை மாறினால் பிறகு கிறுகி வராது.

“சொல்லப்போறது நானில்ல பெரியப்பா. அம்மாதான்.”

கந்தப்போடி அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கிணறு கெட்ட பிறகும் புஸ்பமே சொல்லுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. புஸ்பத்தின் நாக்கை ஊர் அறியும். இது எந்தத் துறைத் தண்ணீர், மழைத் தண்ணீரா ஊற்றுத் தண்ணீரா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவள்.

“இந்த முறை நீ சொல்லன்,” என்றார். “ஏலாதெண்டு சொல்லி அவவ அறையிலேயே விடன்.”

வதனி அன்றிரவு அதைத்தான் செய்து பார்த்தாள். வெயில் கடுமை, தலைசுற்று வரும், இந்த வருடம் நான் சொல்லுகிறேன் என்றாள். புஸ்பம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த யன்னல் வாவிப் பக்கம். தோணி ஓடின இடத்தில் பிள்ளைகள் பந்தடித்துவிட்டுப் போன கால்தடம் நிலவில் தெரிந்தது.

“நான் செத்த புறகு நீதானே சொல்லப்போறாய். இப்ப என்ன அவசரம்?” என்றாள் புஸ்பம். “கதிரைய மட்டும் கழுவி வை.”

அடுத்த பவுசர் வந்த அன்று வதனி எல்லோரும் போகும்வரை நின்றாள். பிறகு சேலைத் தலைப்பால் மூடின பித்தளைக் குடத்தை நீட்டினாள். ஜிப்ரி குடத்தையும் அதில் பூசியிருந்த மஞ்சளையும் பார்த்தான். ஊரில் பறை அடிக்கிற நாட்கள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் குழாய் வாயை உள்ளும் புறமும் துடைத்தான். முதல் தண்ணீரைக் கீழே விட்டு, இரண்டாம் தண்ணீரைப் பிடித்தான். அந்தக் கீழே விட்ட தண்ணீருக்கு இரண்டு காகம் பாய்ந்து வந்தன.

இது எங்கே அள்ளுகிறது என்று வதனி கேட்டாள். இத்தனை மாதம் குடித்தும் அதைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

மேற்கே ஓர் ஊரில், குழாய்க் கிணற்றில் என்றான் அவன். முன்பு பவுசர் நிரம்ப ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம் போதும். இப்போது மோட்டரை நிறுத்தி நிறுத்தி ஊறவிட்டு அள்ளவேண்டியிருக்கிறது.

“அங்கத்தச் சனம் றோட்டுல நிண்டு ஏசுதுகள் அக்கா. எங்கட தண்ணிய எங்க கொண்டு போறாய் எண்டு. நான் என்னத்தச் சொல்ல? நீங்க தாகத்துல நிக்கிறதச் சொன்னா, அதுகள் தங்கட தாகத்தச் சொல்லுதுகள்.”

குடத்தை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டு, “அம்மாளுக்கெண்டா நல்லாக் கேளுங்க,” என்றான். “ஓட்டமாவடிக்கும் சேத்துக் கேளுங்க.”

குளிர்த்தி நாள். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் பறைச் சத்தம் கோயிலிலிருந்து புறப்பட்டது. கீழ்த்தெரு, மேல்தெரு எல்லாம் பின்னால் வந்தது. முன்பென்றால் பாதை நெடுக மாவிலைத் தோரணம் கட்டி, தண்ணீர் தெளித்து வைப்பார்கள். இந்த முறை தோரணம் மட்டும் இருந்தது. தண்ணீர் தெளிக்காத மண் சனத்தின் காலில் புழுதியாய் எழும்பி எல்லோருடைய வெள்ளை உடுப்பிலும் படிந்தது.

பேரின்பமும் சுலோஜனாவின் புருசனும் புஸ்பத்தைக் கதிரையோடு தூக்கிக் கிணற்றுக் கட்டருகே வைத்தார்கள். துவைத்து மடித்த சேலை, நெற்றி நிறையத் திருநீறு. நாலைந்து மாதத்துக்குப் பிறகு கிணற்றைக் காண்கிறாள். எட்டிப் பார்க்கவில்லை. கிணற்றுக் கட்டின்மேல் இடக்கையை வைத்தாள், வைத்தபடியே இருந்தாள்.

இரண்டு குடம் இருந்தது. ஒன்று வெறும் குடம், கிணற்றுக் கட்டின் மேல். மற்றது நிறை குடம், கட்டுக்கு அந்தப் பக்கம், வெள்ளைத் துணியால் மூடியபடி. வதனி வாளியை இறக்கினாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கப்பி கிறீச்சிட்டது. வாளி சுவரில் மோதியது. இன்றைக்கு மோதவைக்கவில்லை, தானாகவே மோதியது. வந்த தண்ணீரை வெறும் குடத்தில் ஊற்றினாள். ஊற்றிய குடத்தைக் கீழே இறக்குகிற மாதிரிக் குனிந்து, நிறை குடத்தைத் தூக்கி நிமிர்ந்தாள்.

அந்த நேரத்தில் அங்கே நின்ற சனம் முழுவதும் வானத்தைப் பார்த்தது. யாரும் சொல்லி வைக்கவில்லை. மேகம் ஒரு துண்டும் இல்லாத வானத்தை, கிழவரும் குமரும் கைப்பிள்ளையைத் தூக்கி நின்றவர்களும் ஒன்றாய் அண்ணாந்து பார்த்தார்கள். பறையடித்தவர்களும் பார்த்தார்கள். புஸ்பம் மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வதனி தாயின் உள்ளங்கையில் தண்ணீரை வார்த்தாள். புஸ்பம் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். உறிஞ்சினாள். கன்னம் அசைந்தது. பிறகு அசையவில்லை. விழுங்காமல் அப்படியே இருந்தாள்.

கந்தப்போடி வாயை மூடிக் கட்டியிருந்த துணியை இறக்கினார். அவருடைய குரல் பிசிறியது.

“தண்ணி எப்பிடித் தாயே?”

வதனி குடத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் அவளுடையதாகத்தான் இருந்தது. அவள் கடைசி வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தாள். பதர்க் கதிரில் ஒரு பிடியைக் கட்டி அம்மாளுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நெல் இல்லாத கதிர். அவள் வாய் திறக்கவில்லை.

புஸ்பம் விழுங்கினாள்.

“அம்மாளுக்கு இனிக்குது,” என்றாள்.

எப்போதும் சொல்வதைவிடச் சத்தமாகவே சொன்னாள். பறை எழுந்தது. சனம் ஒரே மூச்சாய் மூச்சை விட்டது. சுலோஜனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கோயிலில் குளிர்த்தி பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார்கள். ஆண்டாண்டாய் முண்டியடிக்கிற சனம் இந்த முறை முண்டியடிக்கவில்லை. ஒரு துளி போதும் என்கிற மாதிரி முகத்தை ஏந்தி நின்றது. வதனியின் உதட்டிலும் ஒன்று விழுந்தது. நாக்கால் தொட்டாள். உவர் இல்லை. மருந்து மணமும் இரும்பு மணமும் கலந்த, மேற்கே எங்கோ ஒரு தெருவில் நின்று ஏசுகிறவர்களின் தண்ணீர். பக்கத்தில் நின்ற பேரின்பம் கண்ணை மூடியிருந்தான். அவன் எதைக் கேட்கிறான், மழையையா மன்னிப்பையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது புஸ்பம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வதனி உள்ளே போய்க் கட்டில் காலடியில் குந்தினாள். வெளியே பேரின்பம் கதிரையைத் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“எந்த ஊர்த் தண்ணி புள்ள அது?” என்றாள் புஸ்பம்.

வதனி தலை குனிந்தாள். “எப்பம்மா தெரியும்?”

“மிசின் சத்தம் கேட்ட அண்டைக்கே. அயல் வளவு மிசினெண்டா இந்தச் சுவர் அதிருமா?” கோபமே இல்லாத குரல். “புறகு கிணத்துத் தவளை கத்தல்ல. என்ட குமர் காலம் துவங்கி அதுர சத்தத்துலதான் நித்திர கொண்டனான். அது நிண்டு போச்சு. சுலோஜனா வந்து தண்ணி குளிருதெண்டு கத்துறாள். கிணத்தடியில ஒரு சண்ட சச்சரவு இல்லாம எத்தின மாதம்? அப்பிடியொரு மரியாத நம்மட தெருவுல எப்ப இருந்த?”

வதனிக்குச் சிரிப்பு வருகிற மாதிரி வந்து போனது.

“மிசின நிப்பாட்டச் சொல்லியிருக்கலாமே அம்மா. ஒரு சத்தம் போட்டிருந்தா நிப்பாட்டியிருப்பமே.”

புஸ்பம் யன்னலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்:

“கதிர் வந்த பயிர். அத விட்டுருங்க எண்டு எந்த வாயால சொல்ற? நீங்க ரெண்டு பேரும் ஒரு தண்ணி, ரெண்டு தண்ணி எண்டு கதைச்சதும் கேட்டுத்தானே கிடந்தன். நானெண்டாலும் போட்டிருப்பன்.”

இத்தனை மாதம் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் அவளும், அந்தப் பக்கத்தில் அவர்களுமாக, ஒரே செய்தியை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். காலையில் கொண்டுவந்த ஒவ்வொரு செம்பும் வதனிக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு “ம்”மும் ஞாபகம் வந்தது. அந்த “ம்” தனக்காகச் சொன்னது என்று இப்போது விளங்கியது.

“எத்தின வருசம் அந்தச் சொல்லச் சொன்னனான்,” என்றாள் புஸ்பம். “ஒரு தரமும் பொய்யில்ல. இண்டைக்கு அம்மாளுக்கு முன்னால பொய் சொன்னன். அதுக்குப் பயமில்ல புள்ள; உன்ட முகத்தப் பாத்துத்தான் சொன்னன், அவவும் பொம்பிளதானே, விளங்கும். ஆனா ஒண்டு. உவரெண்டாலும் நம்மட தண்ணியக் குடுத்திருக்கலாம். நம்மட கிணறு கெட்டுக் கிடக்குது தாயே, இந்தா பார் எண்டு குடுத்திருக்கலாம். ஆரோ ஊட்டுத் தண்ணிய வாங்கி நம்மடயெண்டு குடுத்தா, அவவுக்கு எப்பிடித் தெரியும், நமக்குத் தண்ணி இல்லெண்டு?”

வதனி கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல் அழப் பழகியிருந்த அழுகை. இப்போது சத்தம் போட்டாலும் பரவாயில்லை என்று தெரிந்தும் சத்தம் வரவில்லை. புஸ்பத்தின் இடக்கை வந்து அவளுடைய தலையில் இருந்தது.

“போய் ஒரு செம்பு அள்ளிக்கொண்டு வா,” என்றாள். “கேன்ல இல்ல. கிணத்துல.”

வதனி போனாள். கட்டின் அந்தப் பக்கத்தில், காலையில் அள்ளி மறைத்துவைத்த குடம் அப்படியே இருந்தது. அதை எடுக்காமல் வாளியை இறக்கி, புதிதாய் அள்ளினாள். செம்பில் கொண்டுவந்த தண்ணீரைப் புஸ்பம் வாங்கினாள். வழக்கம் போல ஒரு மிடறை வாய்க்குள் வைத்திருந்தாள். முகம் சுளிக்கவில்லை. நெடுநாள் காணாத ஒருவரை, உருக்குலைந்து போனபின் காண்கிற முகம். விழுங்கினாள். இன்னொரு மிடறு குடித்தாள். வதனி செம்பைப் பிடித்து இழுக்கப் போனாள்; அவள் விடவில்லை. போதும் அம்மா என்று கெஞ்சின பிறகுதான் கொடுத்தாள்.

“இதுதான் புள்ள,” என்றாள்.

அன்று பின்னேரம் வடகிழக்கில் ஒரு கறுப்பு எழும்பியது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். தன்னாமுனைப் பக்கம் நாலு துளி விழுந்ததாக யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். பொழுது சாய்கிற நேரம் காற்றடித்துக் கலைத்துக்கொண்டு போனது. சனம் வீட்டுக்குள் போயிற்று.

விளக்கேற்றிவிட்டு வதனி தாய்க்குப் போர்வையை இழுத்துவிட்டாள். புஸ்பம் கண்ணை மூடியிருந்தாள். நித்திரை என்று நினைத்து எழும்பும்போது சொன்னாள்:

“நாளைக்கு விடியக் கப்பிய இழுக்காத புள்ள. கிடக்கட்டும். கிணறும் ஆறட்டும்.”

மறுநாள் விடிந்தது. வதனி பழக்கத்தில் எழும்பிக் கிணற்றடிக்குப் போய், கயிற்றில் கையை வைத்தாள். பிறகு எடுத்தாள். சுலோஜனா வெறும் குடத்தோடு வேலியடியில் வந்து நின்று, என்ன என்பது போல் கையால் கேட்டாள். வதனி வேண்டாம் என்று தலையாட்டினாள். சுலோஜனா குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள்.

கிணற்றடி அமைதியாய் இருந்தது. அறைக்குள் புஸ்பம் விழித்துத்தான் இருந்தாள். கட்டிலின் மெல்லிய முனகல் கேட்டது. வதனி கேனைச் சரித்துச் செம்பில் தண்ணீர் வார்த்தாள். கேன் எழுப்பின சத்தத்தை மறைக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் நீட்டினாள்.

“பவுசர்த் தண்ணி அம்மா,” என்றாள்.

“ம்,” என்றாள் புஸ்பம்.